பல் பிடுங்கும் உரிமை யாருக்கு?

அலாஸ்காவின் மேற்குக் கரையில், யூகான், குஸ்கோக்விம் ஆறுகள் பேரிங் கடலில் கலக்கும் சதுப்புநிலத்தில் யூப்பிக் பழங்குடி ஊர்கள் 50-க்கும் மேல் இருக்கின்றன. ஊருக்கு ஊர் சாலை கிடையாது. சின்ன விமானம், கோடையில் படகு, குளிரில் பனிமேல் ஓடும் வண்டி, அவ்வளவுதான். மீனும் சீல் கொழுப்பும் தின்று வளர்ந்தவர்களின் பற்களை, கடைக்கு வந்திறங்கிய சோடா அரித்துவிட்டது. குழாய்த் தண்ணீர் எட்டாத வீடுகள் இன்னமும் உண்டு.

பல் மருத்துவர்? மடக்கு நாற்காலியும் கருவிப் பெட்டிகளுமாக எப்போதாவது விமானத்தில் வந்து இறங்குவார். சில நாள் தங்கி வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிட்டுப் போவார். ஆறு மாதம் முன்னால் அடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பல்லும் அதில் போகும்.

2003-இல் பழங்குடி சுகாதார அமைப்பு வேறு வழி பார்த்தது. உள்ளூர் இளைஞர்கள் சிலரை நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கவென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கும் முறையை 1921-இலேயே தொடங்கிய நாடு அது. பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சி. சுத்தம் செய்யலாம், சொத்தையை அடைக்கலாம், சிக்கலில்லாத பல்லை எடுக்கலாம். மிஞ்சினால் தொலைவிலுள்ள மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அவர்கள் ஊர் திரும்பி வேலையைத் தொடங்கியதும் வந்தது வழக்கு. பல் மருத்துவ உரிமம் இல்லாதவர் இப்படிச் சிகிச்சை செய்வது சட்டவிரோதம் என்று 2006-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நீதிமன்றம் ஏறியது. அந்த ஊர்களில் கிளினிக் போட மருத்துவர்கள் முண்டியடிக்கவில்லை என்பது வேறு விஷயம்! கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் நடக்கும் திட்டத்தை மாநில உரிமச் சட்டம் தடுக்காது என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. இது விபரீதப் பரிசோதனையும் அல்ல. இலங்கையில் மகரகமவில் பயின்ற பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

பலன்? வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகிச்சைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அலாஸ்காவில் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் அதிக நாள் பணியாற்றிய ஊர்களில் பல் பிடுங்குவது குறைந்திருந்தது, தடுப்புச் சிகிச்சை கூடியிருந்தது. சோடாவை இவர்களால் ஒழிக்க முடியவில்லை. சிக்கலான பல்லுக்கு இன்றும் விமானம் ஏற வேண்டும். ஆனாலும் வலி வந்த அன்றே பார்க்க ஊரில் ஆள் இருப்பது சின்ன விஷயமல்ல.

இந்த முறை அலாஸ்காவுக்கு வெளியிலும் பரவியது. வாஷிங்டன் மாநிலக் கரையோரத்து ஸ்வினோமிஷ் பழங்குடியினர் மாநிலத்தின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. தாங்களே உரிமம் கொடுத்து, அலாஸ்கா முறையில் பயின்ற ஒருவரை 2016-இல் வேலைக்கு வைத்தார்கள். மறு ஆண்டே, பழங்குடி நிலங்களில் இதை அனுமதித்து மாநிலம் சட்டம் போட்டது.