ஒரு சாண், பத்து வருஷம்

நான்காம் வகுப்பு. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய கதை நடந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், எங்க ஆயா அவரப் பாத்திருக்குமா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவர் எங்களிடம் சொன்னார்: “அவ கேட்டது தப்பே இல்லங்க. அவளுக்குத் தெரிஞ்சதுலயே ரொம்பப் பழசு அவ ஆயாதான். அதுக்கும் பின்னாடி எவ்வளவு தூரம் கெடக்குன்னு நாங்க யாரும் இதுவரைக்கும் அவளுக்குக் காட்டல.”

தொடக்கப் பள்ளியில் வரலாறு எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்பதைப் பற்றி இந்த இதழில் எழுத வைத்தது அந்தச் சிறுமியின் கேள்விதான்.

நம் மாநிலத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல். மூன்றிலிருந்து சமூக அறிவியல் என்று தனிப் பாடம். நான்காம் வகுப்பில் மூவேந்தர்கள் வருகிறார்கள், வள்ளல்கள் வருகிறார்கள். ஐந்து முடிவதற்குள் ஐரோப்பியர் கப்பலில் வந்து இறங்கிவிடுகிறார்கள். ‘வரலாறு என்றால் என்ன?’ என்ற தலைப்போடு ஒரு பாடம் வருவது ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில்தான். 2019இல் மாற்றி எழுதப்பட்ட பாடநூல்களில் தனித்தனிப் பாடங்கள் குறைசொல்லும்படி இல்லை. படங்கள் நன்றாக இருக்கின்றன, மொழியும் முன்னைவிட இலகுவாகியிருக்கிறது. எங்கள் குறை வேறு. ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை ஏறிவரும்போது அதன் மனதில் காலம் என்பது எப்படி நீண்டுகொண்டே போகவேண்டும், ‘இது நமக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி எந்த வயதில் எந்த உருவில் எழவேண்டும் என்று ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பாடங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கோக்கும் சரடு இல்லை.

கணக்குப் பாடத்தோடு வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு நூறு என்பதே பெரிய எண். ஆயிரத்தின் இடமதிப்பு அதன் பிறகுதான் பிடிபடுகிறது. பூஜ்யத்துக்கு அந்தப் பக்கமும் எண்கள் உண்டு, அங்கே எண் பெரிதாகப் பெரிதாக மதிப்பு குறையும் என்பதை முழுக்கள் என்ற பெயரில் ஆறாம் வகுப்பில்தான் சொல்கிறோம். ஆனால் கி.மு. 300 என்பது கி.மு. 100க்கு முந்தையது என்பதை அதற்கு முன்பே குழந்தை எப்படியோ ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணக்கு டீச்சர் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போகும் ஏணியில் வரலாறு மட்டும் நான்கைந்து படிகளைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் இரண்டையும் நடத்துவது ஒரே டீச்சர் என்பதால் இதைச் சரிசெய்வது கடினமும் அல்ல.

சிறுமியின் கேள்வியைக் கேட்ட அந்த டீச்சர் மறுநாள் ஒரு கொடிக்கயிறு வாங்கிவந்தார். ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. ஒரு சாண் என்பது பத்து வருஷம். கயிற்றின் நுனியைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் கட்டினார். பிள்ளைகளின் வயது முதல் முடிச்சையே எட்டவில்லை. ஆயாவின் வயது ஆறு சாணைத் தாண்டிக் கொஞ்சம். நாடு விடுதலை அடைந்தது எட்டுச் சாணுக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி வகுப்பறையைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி நடந்தார்கள். 1010இல் முடிந்த பெரிய கோயில் நூற்றியொரு சாண் தூரத்தில், கிட்டத்தட்ட எழுபத்தைந்து அடியில், கொடிக்கம்பத்துக்கு அருகே வந்தது. குடவோலை முறையைக் கல்லில் வெட்டிய உத்திரமேரூர்க் கல்வெட்டு, 919, அதிலிருந்து ஒன்பது சாண்தான். கீழடிக்குக் கயிறு போதவில்லை. 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை அந்த ஊரின் வயதைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை கொண்டுபோனது. அதற்கு இருநூற்றறுபது சாண் வேண்டும். பள்ளியின் வாசலைத் தாண்டி, டீக்கடையையும் தாண்டிப் போகவேண்டும். பிள்ளைகள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்கள். ‘ரெண்டாயிரத்தறுநூறு வருஷம் முன்னாடி’ என்று பத்துத் தடவை சொல்வதைவிட அந்த ஒரு பார்வை அவர்களிடம் தங்கும் என்று நாங்கள் நம்புகிறோம்.

கயிறு நல்ல வழிதான். ஆனால் அது நான்காம் வகுப்பில் திடீரென்று முளைத்தால் போதாது. ஒன்றாம் வகுப்பில் நேற்று, இன்று, போன பொங்கல், நான் தவழ்ந்தபோது என்ற அளவில் கயிறு ஒரு முழம் இருக்கட்டும். இரண்டாம் வகுப்பில் அப்பா அம்மா சின்ன வயதில் விளையாடியது, வீட்டில் இருக்கும் பழைய பொருள்கள், ஆட்டுக்கல், அரிக்கேன் விளக்கு, ரேடியோ. ஒவ்வொரு வருஷமும் அதே கயிற்றை அவிழ்த்து இன்னும் கொஞ்சம் நீட்டவேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் எழுதிய ஒரு நூலில் சுருள் பாடத்திட்டம் என்று சொன்னதன் சாரமும் இதுதான். ஒரே கருத்துக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று மேலே போய்.

மூன்றாம் வகுப்புக்கு எங்கள் தேர்வு பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. இதைவிடப் பொருத்தமான வரலாற்றுப் பாடம் தமிழ்நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்காது, ஏனென்றால் அது அதன் தட்டிலேயே இருக்கிறது. காலையில் அது சாப்பிடும் உப்புமாவும் பொங்கலும் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். அதன் அப்பா சாப்பிட்டது 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு. தாத்தா பள்ளிக்குப் போயிருந்தால் அவருக்குக் கிடைத்தது காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவு. கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவையும் பால் பவுடரும் அவர் நாக்கில் இன்னும் இருக்கும். அதற்கும் முன்னால் 1920இல், நீதிக்கட்சிக் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு சிறு முயற்சி நடந்தது. நான்கு தலைமுறை, நான்கு ஆட்சிகள், ஒரு தட்டு. இதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டுவர வேண்டியதுதான். தாத்தா, ஸ்கூல்ல என்ன போட்டாங்க? தட்டு யார் கொண்டுபோனது? எல்லாரும் ஒண்ணா உக்காந்தீங்களா?

கடைசிக் கேள்விக்கு ஒரே ஊரில், ஒரே பள்ளியில், ஒரே வருஷத்தில் படித்த இரண்டு தாத்தாக்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். “எல்லாரும் ஒண்ணாத்தான்” என்பார் ஒருவர். “எங்களத் தனியா உக்கார வெச்சாங்க” என்பார் இன்னொருவர். மறுநாள் இரண்டு பதிலும் ஒரே வகுப்பறைக்கு வரும். எட்டு வயதுப் பிள்ளை வரலாற்றின் முதல் பாடத்தை அப்போது படிக்கிறது: நினைவு என்பது நின்ற இடத்தைப் பொறுத்தது. அதைச் சமாளிக்க டீச்சருக்குத் துணிவு வேண்டும், பக்குவம் வேண்டும். யார் சொன்னது பொய் என்று தீர்ப்புச் சொல்லாமல், ‘ரெண்டையும் எழுதி வைப்போம், இன்னும் ரெண்டு பேரக் கேப்போம்’ என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர் வரலாறு, குடும்ப வரலாறு என்று பேசும் பலர் குழந்தையிடம் முதலில் கேட்பது “உன் தாத்தா என்ன வேலை பாத்தார்?” என்பதுதான். நம் ஊர்களில் அது சாதியைக் கேட்பதுதான். பட்டியலை டீச்சர் சத்தமாகப் படிக்கும்போது தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்பா விட்டுப்போன வீட்டுப் பிள்ளைக்குக் குடும்ப மரம் வரையச் சொல்வதும் அப்படியே. அந்தக் காகிதத்தில் ஒரு கிளை வெறுமையாக நிற்கும். ஆகவே கேள்வி வேலையைப் பற்றி வேண்டாம், ஆளைப் பற்றியும் வேண்டாம். சாப்பாட்டைப் பற்றி, விளையாட்டைப் பற்றி, குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி, பஸ் எப்போது ஊருக்கு வந்தது என்பதைப் பற்றிக் கேட்கலாம். இவற்றிலும் சாதி வரும், ஆனால் ஒரு குழந்தையின் மேல் மட்டும் வந்து விழாது. கடற்கரை ஊர்களில் 2004 சுனாமியையும், தனுஷ்கோடிப் பக்கம் 1964 புயலையும் கேட்கும்போதும் இதே கவனம் வேண்டும். கேட்கும் முன் அந்த வீட்டில் யார் போனார்கள் என்று டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் வகுப்பில் வேந்தர்கள் வரட்டும், தடையில்லை. ஆனால் அவர்களோடு எடுத்தனூர் நாயும் வரட்டும். திருவண்ணாமலை மாவட்டத்து நடுகல் ஒன்றில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில், மாடுகளுக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அது இரண்டு கள்ளரைக் கடித்து நின்ற செய்தியும் அதன் பெயர் கோவிவன் என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு வருஷம், நூற்று நாற்பது சாண் தூரத்திலிருந்து ஒரு நாயின் பெயர் நம்மை வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் கேட்ட எந்தக் குழந்தையும் அடுத்து என்ன கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. யார் எழுதினாங்க? எதுக்கு நாய்க்குக் கல்லு? எங்க ஊர்லயும் இருக்கா? பெரும்பாலான மாவட்டங்களில் ஏதோ ஒரு கல், ஒரு மடை, ஒரு ஏரிக் கல்வெட்டு, பெயரில் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தெரு இருக்கத்தான் செய்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் நடத்தும் ஆசிரியர்கள் அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு வருஷத்தில் ஒரு நாள் வந்தாலே பெரிய காரியம்.

வள்ளல்கள் பாடம் இப்போது நீதிக்கதையாக நடக்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை ‘நாமும் கொடுக்க வேண்டும்’ என்பதற்காகப் படிக்கிறோம். அதை வரலாறாக்க ஒரு கேள்வி போதும்: பாரி தேர் கொடுத்தது நமக்கு எப்படித் தெரியும்? பாடிய புலவர்கள் இருந்தார்கள், ஏட்டில் படியெடுத்தவர்கள் இருந்தார்கள், அந்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து புறநானூற்றை 1894இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் இருந்தார். இத்தனை கை மாறி வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு பாரி இன்னும் பெரியவனாகத்தான் தெரிவான்.

வரிசைப்படி எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் 2013இல் அப்படி ஒரு வரைவு வந்தது. சிறு பிள்ளைகள் கற்காலத்திலிருந்து வரிசையாக மன்னர்களையும் சட்டங்களையும் படித்துக்கொண்டே போகவேண்டும் என்றது. ஆசிரியர்களும் வரலாற்றாய்வாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். சில மாதங்களில் அது பெரிதும் மாற்றி எழுதப்பட்டது. இன்று அங்கே ஐந்து வயதுப் பிள்ளை உயிரோடிருப்பவர்களின் நினைவுக்குள் நடந்த மாற்றங்களிலிருந்து தொடங்குகிறது. நம்மிடம் ஆயாக்கள் இருக்கிறார்கள். தொடங்க வேறென்ன வேண்டும்?

இருக்கும் சிரமம் எங்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விடுவார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மொழிக்கும் கணக்குக்கும் முதலிடம், அது சரியும்கூட. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பது இந்த ஒரு பாடத்துக்கு வசதி. ஒரே கயிற்றை ஒன்றாம் வகுப்பு ஒரு முழத்துக்கும் நான்காம் வகுப்பு எழுபத்தைந்து அடிக்கும் பிடிக்கலாம். பாட்டியிடம் கேட்டுவந்ததைச் சொல்வது பேச்சுப் பயிற்சி, எழுதுவது மொழிப் பாடம், சாணை அளப்பது கணக்கு.

இல்லாதது தொடர்ச்சி. ஜூன் மாதம் புது டீச்சர் வருவார், முந்தைய வகுப்பில் எது நடந்தது என்று அவருக்குத் தெரியாது. இதற்கு நாங்கள் முன்வைக்கும் வழி ஒரு நோட்டு. குழந்தையோடு சேர்ந்து ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏறும் நாற்பது பக்க நோட்டு, கோடைவிடுமுறையில் பள்ளி பீரோவிலேயே இருக்கும். முதல் பக்கங்களில் படம், பிறகு கேட்டு எழுதிய வரிகள், நடுப்பக்கத்தில் சாண் கணக்கில் வரைந்த கோடு, கடைசியில் ‘இது எனக்கு எப்படித் தெரியும்’ என்று தலைப்பிட்ட நான்கு பக்கங்கள். எந்த அதிகாரியும் உத்தரவு போடத் தேவையில்லை. ஒரு பள்ளியின் இரண்டு ஆசிரியர்கள் பேசி முடிவெடுத்தால் வரும் ஜூனில் தொடங்கலாம்.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை இந்த நோட்டுகளுக்கு ஒதுக்குகிறோம். ஆசிரியர்கள் படமெடுத்து அனுப்பலாம். பிள்ளைகளின் எழுத்தை எழுத்துப் பிழையோடு அப்படியே அச்சிடுவோம். முதலில் வரப்போவது அந்தச் சிறுமியின் பக்கம். கயிற்றில் ஆறாவது முடிச்சைத் தாண்டி ஆயாவை வரைந்திருக்கிறாள். கொடிக்கம்பத்துக்கு அருகே கோயில். இரண்டுக்கும் நடுவே நீளமான கயிறு வெறுமையாகக் கிடக்கிறது, அதன் மேல் “இங்க யாரு இருந்தாங்க?” என்று எழுதியிருக்கிறாள்.