பாடிய குரல்களே காத்த மொழி

1492 இல் ஸ்பெயினின் கத்தோலிக்க மன்னர்கள் யூதர்களை நாட்டை விட்டு வெளியேற்றினர். ஒட்டோமான் பேரரசில் தஞ்சம் புகுந்த அம்மக்களோடு பழைய ஸ்பானிய மொழியும் சென்றது. ஹீப்ரு, துருக்கி, கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக்கொண்ட அம்மொழியே லடினோ. அதன் பாடல்களைத் தாலாட்டிலும் மணவீட்டிலும் காத்தவர்கள் பெண்களே. 1943 இல் சலோனிக்கா யூதர்களை நாஜிகள் அவுஸ்விட்ச் முகாமுக்கு அனுப்பியபோது, பாடியவர்களோடு பாடல்கள் பலவும் மாண்டன.

எஞ்சியவற்றை ஜெருசலேமில் வாழ்ந்த இசாக் லெவி 1959 முதல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அவர் மகள் யாஸ்மின் லெவி அவற்றை ஊத், தர்புக்கா முதலிய அராபியர் போற்றும் வாத்தியங்களோடு மேடையேற்றினார். அதே மண்ணில் 1991 இல் யூத, அராபியக் கலைஞர்கள் இணைந்து 'புஸ்தான் ஆபிரகாம்' குழுவைத் தொடங்கினர்.

2023 முதல் காசாவில் இத்தனை உயிர்கள் மாண்டபின் இசையால் என்ன பயன் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. 1948 இல் வீடிழந்த பலஸ்தீனருக்கு மேடையில் தரப்படும் ஆசனம் வீடாகாது. இல்லாத சமாதானத்தை உலகுக்குக் காட்டும் அலங்காரமாக இத்தகைய கச்சேரிகள் அமையுமாயின் நாம் அவற்றை ஏற்கமாட்டோம். இசை நீதிக்கு ஈடன்று. ஆயினும், நீதி பிறக்கும் நாளில் ஒருவர் குரலை மற்றவர் செவிமடுக்கப் பழகியிருத்தல் வேண்டும். அப்பழக்கம் ஒரே நாளில் வருவதன்று.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஐந்நூறு ஆண்டுகள் லடினோவைக் காத்தது அரசன்று. வீட்டில் ஒலித்த குரல். அந்நிய நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நம் வீடுகளில் அக்குரல் இன்று கேட்கின்றதா?