கொடுத்தவன் கை விடாத கொடை

ஒரு நாடு தன் நட்பு நாட்டுக்குப் படைக்கலம் வழங்குகின்றது. ஐம்பது அறுபது ஆண்டுகள் கழிகின்றன. அப் படைக்கலம் பழம்பொருளாகிக் கிடங்கில் மசகு பூசிய நிலையில் அடுக்கப்பட்டுக் கிடக்கின்றது. பெற்ற நாடு அதனை விற்க முனைகின்றது. வழங்கிய நாட்டிலேயே அதற்கு வாங்குநர் ஆயிரக்கணக்கில் காத்திருக்கின்றனர். ஆயினும், அது தான் பிறந்த மண்ணுக்குத் திரும்புதல் கூடாதெனக் குறுக்கே நின்று தடுப்பவர், அதனைச் செய்து கொடுத்த அந் நாட்டரசினரே! தென்கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நிகழ்ந்த இச் செய்தியை வெறும் வணிகப் பூசலென்று நம் அன்பர்கள் கடந்துவிடுதல் ஆகாது. வல்லரசுகள் வழங்கும் 'உதவி' என்னும் சொல்லுக்கு உண்மைப் பொருள் யாதென்பதை இஃது அங்கை நெல்லிக்கனியெனக் காட்டுகின்றது.

பேசப்படும் கருவி, எம்-1 கேரண்டு என்னும் துமுக்கி. (துப்பாக்கி என்னும் சொல் துருக்கியர் நாவிலிருந்து பிறர்வழி நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆதலின் துமுக்கி என்றே ஈண்டு எழுதுகின்றோம்.) கனடாவின் கியூபெக்கு மாநிலத்திற் பிறந்த சான் கேரண்டு என்பார், அமெரிக்க அரசின் இசுபிரிங்பீல்டுப் படைக்கலச் சாலையிற் பணியாற்றுங்கால் இதனை வகுத்தார். 1936-இல் அமெரிக்கப் படை இதனைத் தன் பொதுக் கருவியாக ஏற்றது. நீளம் ஏறத்தாழ 110 செ.மீ.; எடை 4.3 கிலோ. எட்டுக் குண்டுகளை ஒரு தகட்டுப் பிடியில் செருகி மேலிருந்து உள்ளே அழுத்தவேண்டும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். அடுத்தது தானே வந்து அமரும். எட்டும் தீர்ந்தால் வெறும் பிடி கணீரென்று வெளியே தெறிக்கும். ஐம்பது இலக்கத்திற்கு மேல் செய்யப்பட்ட இக் கருவிக்கான உரிமையைக் கேரண்டு அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஓரிலக்கம் டாலர் பரிசளிக்கவேண்டுமென அந் நாட்டுப் பேராயத்தில் கொண்டுவரப்பட்ட சட்ட வரைவு நிறைவேறவில்லை. உண்மையில் கொடுத்தவன் அவன் ஒருவனே போலும்!

1950 சூன் 25-இல் கொரியப் போர் மூண்டது. 1953 சூலை 27-இல் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. அம் மூன்றாண்டுகளிலும் அவற்றின் பின்னரும் கேரண்டுத் துமுக்கிகள் பேரளவில் தென்கொரியப் படைஞர் கைக்கு வந்தன. பின்னர்ப் புதுக்கருவிகள் வந்தபோது இவை பின்னணிப் படைகளுக்கும் கிடங்குகளுக்கும் சென்றன. 2009-இல் தென்கொரிய அரசு, ஏறத்தாழ 87,000 கேரண்டுகளையும் அவற்றோடு பெருந்தொகையான எம்-1 குறுந்துமுக்கிகளையும் அமெரிக்கப் பழம்பொருள் திரட்டுநருக்கு விற்று, அப் பணத்தைத் தன் பாதுகாப்புச் செலவுக்குக் கொள்ள எண்ணியது. 2010-இல் அமெரிக்க அயலுறவுத் துறை இதனைத் தடுத்தது. இத்துணைப் பெருந்தொகைக் கருவிகள் தீயோர் கைக்குப் போகக்கூடும் என்பது அது கூறிய கரணியம். 2012-இல் கேரண்டுகளுக்கு மட்டும் வழிவிடும் பேச்சு முன்னேறிற்று. 2013 ஆகத்து 29-இல் ஒபாமா அரசு, நட்பு நாடுகளுக்கு வழங்கிய படைக்கலங்களை அருங்காட்சியகம் போன்ற சிலவற்றுக்கன்றித் தனியார்க்கு மீளக் கொணர இசைவளிப்பதில்லை என அறிவித்தது.

தீயோர் கைக்குப் போகும் என்னும் அச்சத்தை யாம் எள்ளி நகையாடவில்லை. துமுக்கியாற் சாகும் அப்பாவிகள் மிக்க நாடு அது. பதினைந்து, முப்பது குண்டுகள் கொள்ளும் கழற்று பெட்டிகளையுடைய குறுந்துமுக்கியைப் பற்றி அவ்வச்சம் எழுந்திருப்பின் அதிலும் ஓரளவு பொருளுண்டு. ஆனால், ஆளுயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்களவு நீண்டு, எட்டே குண்டு கொள்ளும் கேரண்டை மறைத்து எடுத்துச் செல்ல முயலும் கள்வன் எவன்?

இனி, அதே கருவி அதே நாட்டில் வேறொரு வாயிலால் விற்கப்பட்டு வந்ததை நோக்குக. 1903-இல் தொடங்கிய குறிபார்ப்புப் பயிற்சி வாரியத்தின் வழித்தோன்றலாக, 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பொதுமக்கள் குறிபார்ப்புப் பயிற்சி அமைப்பு ஒன்று அங்குண்டு. அலபாமாவின் ஆனிசுட்டன் நகரிலும் ஒகையோவின் பெரித் திடலிலும் அதன் நிலையங்கள் உள. அமெரிக்கப் படை ஒப்படைக்கும் கேரண்டுகளை, வாங்குவோரின் பின்புலம் ஆய்ந்து, அவ்வமைப்பு குடிமக்களுக்கு விற்கின்றது. வீட்டு வாயிலுக்கே அனுப்பியும் வைக்கின்றது. அவற்றுட் பல, டென்மார்க்கு, கிரீசு முதலிய நாடுகளுக்குக் கடனாகச் சென்று மீண்டவை. 2018-இல் பிலிப்பைன்சிலிருந்து ஏறத்தாழ 86,000-உம் துருக்கியிலிருந்து 13,000-உம் வந்தனவென அவ்வமைப்பே அறிவித்தது. துமுக்கிக்குப் பெயர் தந்த துருக்கியரும் துமுக்கியைத் திருப்பி அனுப்பிவிட்டனர்!

கொரியாவின் 87,000 ஏதம் விளைப்பன. பிலிப்பைன்சின் 86,000 ஏதமற்றன. இஃது எவ்வாறு? ஆட்சி மாறியது ஒரு விடை. அதனை மறுக்கவில்லை. ஆயினும் அதற்கும் அடியில் உள்ளது வேறொன்று. பிலிப்பைன்சுக் கருவிகள் அமெரிக்கப் படைக்கே திரும்பின. கொரியாவினவோ விலைபெற்று வணிகர்வழி வரவிருந்தன. இரும்பும் மரமும் ஒன்றே. பணம் போகும் பக்கமே வேறு.

இவ் வேறுபாட்டின் வேர் சட்டத்தில் உள்ளது. கொடையாக வழங்கிய படைக்கலத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் இசைவின்றிப் பிறர்க்கு மாற்றலாகாது. தேவை முடிந்ததும் திருப்பித் தருதல் வேண்டும் என்கின்றது 1961-ஆம் ஆண்டின் அயல்நாட்டு உதவிச் சட்டம். சரி, கொடைக்குத்தானே இக் கட்டு, விலைக்கு வாங்கினால் விடுதலை கிட்டுமன்றோ எனின், அதுவும் இல்லை. 1976-ஆம் ஆண்டின் படைக்கல ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், காசு கொடுத்து வாங்கிய நாடும் இசைவின்றிக் கைம்மாற்றலாகாதென விதிக்கின்றது. வாங்கியவனுக்குச் சுடும் உரிமை உண்டு. சாகும் உரிமையும் உண்டு. விற்கும் உரிமை மட்டும் இல்லை. நம் சிற்றூரில் மாட்டை வாரத்திற்கு விடுவோர்கூட இதனினும் தெளிவாகப் பேசி விடுவர். கொடை என்று பெயரிட்டு விடுவதில்லை.

இவ்வளவும் கூறியபின், கொரிய அரசையும் ஒரு சொல் கேட்க வேண்டியுள்ளது. திரட்டுநர் சந்தையில் இத் துமுக்கிகளுக்கு விலை எதனால் ஏறுகின்றது? தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அன்றிருந்த உறுப்புகள் அனைத்தும் மாறாதிருப்பின் விலை மிகும். மேற்கூறிய அமைப்பும் அத்தகையவற்றை 'சரியானவை' எனத் தனி வகுப்பாகப் பிரித்து விற்றுள்ளது. கருவி வாழ்ந்த நாட்டில் பழுதுபார்த்து மாற்றிய கட்டையும் திருகும் பெரும்பாலும் குறையாகவே எண்ணப்படும். இறக்குமதி செய்த வணிகர் தம் பெயரையும் ஊரையும் கருவியிற் பொறிக்கவேண்டும் என்பது விதி. அப் பொறிப்பும் விலையைக் குறைக்கும். 1980-களில் கொரியாவிலிருந்து வந்த கேரண்டுகளின் குழல்களில் ஓர் அமெரிக்க வணிகர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்; அவற்றைத் தாங்கி நின்ற கொரிய இளைஞர் ஒருவரின் பெயரும் அங்கில்லை. டென்மார்க்கினர் மட்டும் இதிற் சற்றே நற்பேறு பெற்றனர். அவர்கள் தம் சாலையிற் செய்து பொருத்திய குழல்களில் வி.ஏ.ஆர். என்று முத்திரையிட்டனர். அக் குழலின் தரம் கண்டு திரட்டுநரே அதனைத் தேடி வாங்குகின்றனர்.

ஒவ்வொரு கேரண்டின் மேற்புறத்திலும் செய்த சாலையின் பெயரோடு ஒரு வரிசையெண் வெட்டப்பட்டுள்ளது. எந்த எண் எந்தப் படைப்பிரிவுக்கு எந்த ஆண்டு வழங்கப்பட்டது என்பதைச் சொல்லும் ஏடுகள் பெற்ற நாட்டின் கிடங்குகளில்தாம் இருத்தல் கூடும். கப்பலேற்றும் முன் அவ்வேடுகளைப் படியெடுத்து நூலகத்தில் வைப்பதற்கு எவருடைய இசைவும் வேண்டா. எந்த வல்லரசின் சட்டமும் அதனைத் தடுக்கவில்லை. கிடங்குகளில் இன்னும் இத்தகைய பெட்டிகளை வைத்திருக்கும் நாடுகள், விலை பேசத் தொடங்குமுன் இவ்வேலையைத் தொடங்கலாம்.