கல்யாண வீடியோ எடிட் செய்ய கம்ப்யூட்டரா? கிராஃபிக்ஸ் கார்டைக் கடைசியில் பாருங்கள்!

ஆடி பிறந்துவிட்டால் குமாரபாளையத்தில் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். பாலம் தாண்டி பவானி கூடுதுறையில் ஆடிப்பெருக்குக் கூட்டம் அலைமோதும். ஆனால் முகூர்த்தம் இருக்காது. கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர்களுக்கு இதுதான் ஓய்வு. பழைய கம்ப்யூட்டரை மாற்றவும் இதுதான் சரியான நேரம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் புது மெஷின் தயாராக வேண்டும். கையில் இருப்பதோ 50,000 ரூபாய். என்ன செய்யலாம்?

கமல்ஹாசனின் 'மகாநதி' 1994-ல் வெளியானது. அவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங் முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாக அதைக் குறிப்பிடுவார்கள். அன்று பெரிய படங்களுக்கே எட்டிய வசதி, இன்று விசைத்தறி ஓடும் வீட்டின் மாடி அறைக்கே வந்துவிட்டது. ஆனால் குறைந்த பணத்தில் அது ஒழுங்காக வேலை செய்ய, பணத்தை எதில் போடுவது என்ற கணக்குத் தெரிய வேண்டும்.

முதல் கேள்வி: உங்கள் கேமரா என்ன எடுக்கிறது?

கடைக்குப் போனதும் பலரும் கேட்பது, "எத்தனை ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?" என்றுதான். அதற்கு முன் உங்கள் கேமராவின் செட்டிங்கைப் பாருங்கள். 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும் கேமரா என்றால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 ஜிபி இடம் பிடிக்கும். இரண்டு கேமரா, தலா ஐந்து மணி நேரம் என்றால் ஒரே கல்யாணத்துக்கு 450 ஜிபி. இரண்டு கல்யாணத்தில் 1 டிபி டிஸ்க் நிரம்பிவிடும்.

பழைய கம்ப்யூட்டர் திணறுவதற்கும் காரணம் இந்த வீடியோவில்தான் இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த, கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் மாறிய இடத்தை மட்டும் குறித்துவைக்கின்றன. எடிட்டிங்கில் நீங்கள் முன்னும் பின்னும் இழுக்கும்போதெல்லாம், விடுபட்ட படங்களைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு உருவாக்க வேண்டியிருக்கிறது.

எதில் பணம் போடலாம்?

பிராசஸர்: இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே இன்டெல் பிராசஸர்களின் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில் 'குயிக் சிங்க்' என்ற தனிப் பகுதி உண்டு. உதாரணமாக, ஐ5-12400 என்ற ஆறு கோர் பிராசஸரில் இது இருக்கிறது. அதே எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், உள் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று 'எஃப்' வாங்கினால், தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

ராம்: 16 ஜிபி வேண்டும். ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாகப் போட்டால், உள் கிராஃபிக்ஸுக்கு வேகம் கூடும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் 2025 கடைசியில் ராம் விலை ஏறியது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இப்போது 16-ல் நிறுத்திக்கொண்டு, நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு கிடைத்தால் வாங்குங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி: விண்டோஸும் அப்போது எடிட் செய்யும் வேலையும் இதில் இருக்கட்டும். முடித்த வேலையை விலை குறைந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம்.

பவர் சப்ளை: இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நாளை கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்கும் அளவுக்கு, நல்ல கம்பெனியின் பொருளாக இருக்கட்டும். ஆபீஸ்களில் பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவை பலவற்றில் பவர் சப்ளை சிறியது. அந்த மாடலுக்கென்றே செய்தது. பின்னால் கார்டு போடுவது கஷ்டம்.

அப்படியென்றால் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாமா? டாவின்சி ரிசால்வில் கலர் கரெக்‌ஷன், எஃபெக்ட்ஸ் என்று இறங்கினால் கட்டாயம் வேண்டும். வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் போடும் வேலைக்கு முதல் சீசனில் இல்லாமலே சமாளிக்கலாம். வழி, 'ப்ராக்ஸி'. 4கே வீடியோவுக்குச் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே உருவாக்கும். அந்த நகலில் எடிட் செய்து, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் வீடியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். ரிசால்வின் இலவசப் பதிப்பிலும், முழுக்க இலவசமான கேடென்லைவிலும் இந்த வசதி உண்டு. கார்டை, முதல் சீசன் வருமானத்தில் வாங்கலாம்.

பஞ்சும் கரன்ட்டும்

தறிக்கூடம் பக்கத்தில் இருந்தால் காற்றில் பஞ்சுத் தூசி பறக்கும். அது ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் படிந்தால் பிராசஸர் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'புதுசா வாங்கியும் ஸ்லோவா இருக்கே' என்ற புலம்பலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தூசி வடிகட்டி உள்ள கேபினெட் வாங்குங்கள், தரையில் வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

எக்ஸ்போர்ட் நடுவில் கரன்ட் போனால், மறுபடி முதலிலிருந்து. வேலையைச் சேமித்து அணைக்கப் பத்து நிமிடம் கொடுக்கும் யு.பி.எஸ். போதும். ஆனால் அது கட்டாயம்.

மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது

கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் உங்கள் தூக்கம் மட்டும்தான் போகும். டிஸ்க் போனால் ஒரு குடும்பத்தின் கல்யாணமே போய்விடும். அதில் பேசிச் சிரித்த தாத்தா, பாட்டி அடுத்த ஆண்டு இல்லாமலும் போகலாம். எந்த நஷ்டஈடும் அதற்கு ஈடாகாது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய '3-2-1' விதியை மனதில் வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கல்யாண வீட்டாரிடம் ஒன்று என்றாலே பெரும்பாதுகாப்பு. இரண்டு இடத்தில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.

ஆகவே 50,000 ரூபாயைப் பத்துப் பங்காகப் பிரித்து, முதலில் இரண்டு பங்கை யு.பி.எஸ்ஸுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் எடுத்து வைத்துவிடுங்கள். மீதியைக் கொண்டு ஈரோட்டிலோ சேலத்திலோ இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வாரன்டிக்கு அது உதவும். வாங்கியதும், வீட்டில் இருக்கும் பழைய கல்யாண வீடியோ ஒன்றை முழுதாக எடிட் செய்து, எக்ஸ்போர்ட் வரை சோதித்துப் பாருங்கள். கோளாறு இருந்தால் ஆடியிலேயே தெரிந்துவிடட்டும். ஆவணியில் மணப்பெண்ணின் அப்பா போன் செய்து கேட்கும்போது தெரிய வேண்டாம்.