விடையை எழுதியது யார்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. அதிலிருந்து எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் மாற்றும் பேச்சுதான். ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ், உப்புக் கம்பெனி, கூட்டுறவு சங்கம், பள்ளிக்கூடம் என்று ஒன்று பாக்கியில்லை. வேலைக்கு வரும் பையன்கள் பெருமையாகச் சொல்லும் வாக்கியமும் ஒன்றேதான்: "பென் டிரைவைச் செருகிட்டு டீ குடிக்கப் போங்க சார், வந்து பார்த்தா எல்லாம் ரெடியா இருக்கும். ஆளே வேண்டாம்."

இந்த 'ஆளே வேண்டாம்' என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆள் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத அண்ணாச்சிமார்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டரில் இயங்குதளத்தை ஏற்றும்போது அது வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்த மொழி? எந்த விசைப்பலகை? எந்த ஊர் நேரம்? எந்த டிஸ்க்கில் போட? பழையதை அழிக்கலாமா? பாஸ்வேர்டு என்ன? நாற்பது மெஷின் இருந்தால் நாற்பது தடவை உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அந்தச் சிரமத்தைக் குறைக்க, எல்லாப் பதில்களையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுவார்கள். அதற்கு விடைக்கோப்பு என்று பெயர்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சிடியிலேயே 'சப்போர்ட்' அடைவுக்குள் செட்டப் மேனேஜர் என்ற சிறு நிரல் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அது நம்மைக் கேள்வி கேட்டு விடைக்கோப்பை எழுதித் தரும். அதை ஃபிளாப்பியில் போட்டுச் செருகினால் போதும். விஸ்டாவிலிருந்து கோப்பின் வடிவம் மாறிவிட்டது, வேலை அதேதான். லினக்ஸிலும் இது உண்டு. ரெட் ஹாட்டில் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரீசீட், சூசியில் ஆட்டோயாஸ்ட் என்பார்கள். ஆக, கம்ப்யூட்டர் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. உங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிய கேள்விக்கு, உங்களைப் பார்த்தே இராத ஒருவர் எங்கிருந்தோ பதில் எழுதி அனுப்பியிருக்கிறார்.

இந்த முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' தட்டியவன் அப்படிச் சொல்ல மாட்டான். கையால் செய்தால் நாற்பதும் நாற்பது விதமாக இருக்கும், விடைக்கோப்பு வைத்துச் செய்தால் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் பதில் தப்பானால் நாற்பதும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும். இதை யாரும் யோசிப்பதில்லை.

2014 மே மாதம் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் 7-ஐத் தானாக ஏற்றுவதற்கு வைத்திருந்த ஏற்பாடு, தவறுதலாகப் பல்கலைக்கழகத்தின் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் போய்விட்டது. ஒவ்வொன்றாக டிஸ்க்கை அழித்துக்கொண்டு புதிதாக ஏற ஆரம்பித்தன. கடைசியில் அந்த உத்தரவை அனுப்பிய சர்வரே தன்னையும் அழித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்து "அழிக்கலாமா?" என்ற கேள்வியைப் படித்திருந்தால் ஒரு மெஷினோடு நின்றிருக்கும்.

நம் பக்கத்திலும் இது நடக்கத்தான் செய்கிறது, பேப்பரில் வருவதில்லை. பெயர் வேண்டாம், ஒரு ஆபீஸில் மெஷின்களுக்குப் புது விண்டோஸ் ஏற்றினார்கள். விடைக்கோப்பில் 'டிஸ்க் முழுவதையும் துடை' என்று இருந்தது. கணக்குப் பிரிவு அம்மா சில வருட வவுச்சர்களை 'டி' டிரைவில் வைத்திருந்தார். 'சி' மட்டும்தான் போகும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். எல்லாம் போயிற்று. யாரைக் கேட்பது? வந்த பையனுக்குக் கோப்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கான்ட்ராக்டர் "ஹெட் ஆபீஸிலிருந்து வந்தது" என்றார். திட்டு வாங்கியது அந்த அம்மா.

பழுது பார்க்கும் லட்சணமும் இப்படித்தான். பாதியில் நின்றால், "மறுபடி பார்மட் அடிச்சிடலாம் சார்." ஏன் நின்றது என்று பார்ப்பதே இல்லை. விண்டோஸ் அடைவுக்குள் 'பேந்தர்' என்று ஒரு அடைவு இருக்கிறது. என்ன செய்தேன், எங்கே இடறினேன் என்று செட்டப் அதில் வரிசையாக எழுதி வைக்கிறது. அதைத் திறந்து படிக்க இங்கிலீஷும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். பெரும்பாலும் சின்னக் காரணமாகவே இருக்கும். மொழியையும் விசைப்பலகையையும் ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு எழுதாமல் விட்டால், எல்லாம் முடிந்தபின் "எந்த விசைப்பலகை?" என்று கேட்டுக்கொண்டு மெஷின் நின்றுவிடும்.

நின்றுபோகிற மெஷின் நல்ல மெஷின் என்பேன். அது தன் குறையைச் சொல்லிவிடுகிறது. தப்பான பதிலோடு சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறதே, அதுதான் ஆபத்து. இந்திய நேரத்துக்குப் பதிலாக அமெரிக்க நேரம் எழுதப்பட்டிருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. கப்பல் வந்த நேரம், லாரி போன நேரம் என்று நேரத்தை வைத்தே பணம் கணக்குப் பார்க்கும் துறைமுக ஊரில் அது சின்னத் தப்பா?

இனி மொழிக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் இதில்தான்.

எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால், மொழி அமைப்பில் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சிடியைச் செருகிச் சில கோப்புகளை ஏற்ற வேண்டும். விடைக்கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் இது தானாக நடந்திருக்கும். எழுதினவர்கள் குறைவு. அதற்கு மேல், என்லைட் என்ற கருவியால் 'தேவையில்லாத'வற்றை வெட்டிக் குறைத்த சிடிகள் ஊர் ஊராகச் சுற்றின. எதை வெட்டினார்கள்? பல சிடிகளில் முதல் வெட்டு மொழிகளுக்கும் விசைப்பலகைகளுக்கும்தான். பிறகு டிக் அடித்தாலும் 'கோப்பு இல்லை' என்று வரும். மகன் வெளிநாட்டிலிருந்து தமிழில் அனுப்பிய மெயில் கட்டம் கட்டமாகத் தெரியும். "கம்ப்யூட்டரில் தமிழ் வராது" என்று நம்மில் எத்தனை பேர் வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தோம்! கம்ப்யூட்டருக்குத் தமிழ் வரும். யாரோ வேண்டாம் என்று பதில் எழுதியிருந்தார்கள்.

இன்றைக்கு அந்தச் சாக்கும் இல்லை. தமிழ் எழுத்து விண்டோஸிலேயே இருக்கிறது. 1999-இல் தமிழ்நாடு அரசே தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையும் இருக்கிறது. விடைக்கோப்பில் சேர்த்தால் போதும், முதல் தடவை திறக்கும்போதே தமிழ் தட்டலாம். செலவு ஒரு பைசா கிடையாது.

"வேண்டுமென்றால் அவரவர் போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள். பல ஆபீஸ்களில் செட்டிங்ஸைத் தொடவே அனுமதி கிடையாது. பள்ளிக்கூட லேபிலும் அப்படித்தான். அதோடு, இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை யார் கேட்டுப் போடுவார்கள்?

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தைப் போல இதுவும் பெரிய வேலை. அத்தனை மெஷினுக்கும் யாரும் தனித்தனியாக உட்கார்ந்து பதில் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியில் ஒருவர் ஒரு தடவை எழுதுவதுதான் லட்சக்கணக்கான பிள்ளைகளின் முதல் திரை.

ஆகவே அரசிடமும், ஆபீஸ் நடத்துகிற நம்மூர் முதலாளிமார்களிடமும் நான் கேட்பது மூன்று. ஒன்று, டெண்டரில் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று கேட்பதுபோல விடைக்கோப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் நீக்கிவிட்டு வெளியிடுங்கள், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கட்டும். இரண்டு, முதலில் ஒரு மெஷினில் ஏற்றி, அதில் தினமும் வேலை செய்யப்போகிறவரை ஒரு நாள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். மூன்று, தமிழ் 99-ம் இந்திய நேரமும் இல்லாத கோப்பை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

முத்துக்குளிக்க இறங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். தங்கை தாலிக்குப் பொறுப்பானவன் கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. தண்ணீருக்குள் இருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. அதனால்தான் மேலே யார் என்பதை முதலிலேயே முடிவுசெய்தார்கள். கம்ப்யூட்டருக்கும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அடுத்த தடவை ஒரு பையன் பென் டிரைவோடு வந்து "ஆளே வேண்டாம் சார்" என்றால், டீ குடிக்கப் போகாதீர்கள். "இதில் பதில் எழுதியது யார் தம்பி?" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் செருகட்டும்.