எண்ணும் பெயரும் அளக்கும் பெயரும்

பிரம்மதேசத்தை அடுத்த மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போர், வாரிக் குவித்த உப்பை மூட்டைக் கணக்கிற் கூறுவரேயன்றி, ‘பத்து உப்பு’ என்பார் எவருமிலர். இலக்கணம் கல்லாதாரும் இதில் தவறார். அங்ஙனமிருக்க, நம் மாணாக்கர் ஆங்கிலத்தில் ‘பர்னிச்சர்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்றெழுதி மதிப்பெண் இழப்பதேன்?

இதனை அறியாமையென்று இகழ்தல் நேர்மையன்று. உப்பை எண்ணலாகாமைக்கு அப்பொருளின் இயல்பே காரணம் எனலாம். நாற்காலியும் மேசையுமோ எண்ணத்தக்கவை. எனினும் அவற்றைத் தொகுத்துக் கூறும் ‘பர்னிச்சர்’ என்னுஞ் சொல்லை ஆங்கிலேயர் ஒருமையிலேயே வழங்குகின்றனர். ‘ஜாப்’, ‘ஒர்க்’ இரண்டும் நமக்கு வேலையே. முன்னது பன்மை ஏற்கும், உத்தியோகம் என்னும் பொருளிற் பின்னது ஏலாது. ‘சஜெஷன்’ ஏற்கும்; ‘அட்வைஸ்’ ஏலாது. உப்புங்கூட, இரசாயன நூலில் பலவகைச் சேர்மங்களைக் குறிக்குங்கால் ‘சால்ட்ஸ்’ ஆகிவிடும். ஆகவே, ஈண்டு ஆட்சி புரிவது பொருளன்று, பாஷையின் வழக்கே.

தமிழ் வழக்கோ வேறு. ‘பத்து மாடு’ என்றாலே பன்மை விளங்கும். இத்தகைய சொற்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர் இலக்கண நூலார். மற்று, நாம் அரிசியென்றும் சோறென்றும் பகுத்தவற்றை ஆங்கிலம் ‘ரைஸ்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கும். ஒவ்வொரு மொழியும் தனக்கு வேண்டியவிடத்தே வேலியிடுகின்றது.

ஆதலின் ஆசிரியர்கள், விதிப்பட்டியலை நெட்டுருச் செய்விப்பதை விடுத்து, இருமொழி வழக்கையும் அருகருகே வைத்துக் காட்டுவாராக. ‘ஒரு மூட்டை உப்பு’ என்பதை அறிந்தவனுக்கு ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ எளிதில் விளங்கும். தாய்மொழியை வாயிலில் நிறுத்தி அயன்மொழி கற்பித்தல், கைவிளக்கை அணைத்துவிட்டு வழி தேடுவதையொக்கும்.