நந்தனும் பி.எட். படிப்பும்

உள்ளே சேர்த்துக்கொள்வதற்குச் சிதம்பரத்தில் ஒரு பழைய முறை உண்டு. வருகிறவன் முதலில் தீயில் இறங்க வேண்டும். நந்தன் இறங்கினான், பிறகு உள்ளே போனான். தில்லையிலிருந்து எவரும் ஆதனூருக்குப் போய் அவன் சேரியைப் பார்த்ததாகப் புராணம் சொல்லவில்லை.

ஆசிரியப் பயிற்சியில் இப்போது ‘உள்ளடக்கிய கல்வி’ என்று ஒரு பாடம். மொழிபெயர்த்தவர் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்: உள்ளே போட்டு அடக்குவது. குறைபாடுகளின் வகைகளையும் 2009, 2016 என்று சட்டங்களின் வருஷங்களையும் மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும்.

நான் வங்கி குமாஸ்தா. உனக்கென்ன இதில் வேலை என்பவர்களுக்கு: விஷயம் என் கவுன்டரில்தான் வந்து நின்றது. கிள்ளைப் பக்கத்து இருளர் அம்மா ஒருவர், மகனின் உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க வந்தார். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை வெட்கப்பட்டுப் பையனின் ஆசிரியரைத் தேடிப் போனேன். “ஒழுங்கா வராதுங்க சார், அதுங்க வளர்ப்பே அப்படி” என்றார். அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவர்தான்.

அந்த அம்மாவிடம் கேட்டபோது விளங்கியது. பிச்சாவரம் கழியில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். தண்ணீர் வற்றும் நேரமே வேலை நேரம். அது தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அது பள்ளி நேரத்தில் வந்து விழும் நாட்களில் பையன் தங்கையைப் பார்த்துக்கொள்கிறான். ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது. பள்ளி மணியின் ஒழுங்கு அல்ல, நிலாவின் ஒழுங்கு. பதிவேட்டுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

மானுடவியலை ஆசிரியப் பயிற்சிக்குள் கொண்டுவாருங்கள் என்கிறேன். உடனே இன்னொரு தாள் சேர்த்துவிடுவார்கள் என்பதுதான் பயம். தர்ஸ்டன் 1909இல் தென்னிந்திய ஜாதிகளை ஏழு தொகுதிகளில் அகரவரிசைப்படி அடுக்கினார், மூக்குகளை அளந்தார். அந்த மானுடவியல் வந்தால் ‘இருளர்: பாம்பு பிடிப்பவர்’ என்று குறிப்பெடுப்பார்கள். “வளர்ப்பே அப்படி”க்கு ஓர் அடிக்குறிப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

நான் கேட்பது தகவலை அல்ல, முறையை. மாலினோவ்ஸ்கி டிராப்ரியண்ட் தீவில் கிராமத்துக்குள்ளேயே கூடாரம் அடித்தார். 1967இல் அச்சான அவருடைய டயரியில் அந்த மக்கள்மீது எரிச்சல் கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தார், கண்டதை எழுதினார். நல்ல மனசு வேண்டும் என்று நான் உபதேசம் செய்யவில்லை. எரிச்சலோடாவது போய் உட்காருங்கள். பயிற்சியில் ஒரு மாசம், பள்ளிக்கு வெளியே, பிள்ளைகளின் குடியிருப்பில், கற்பிக்க அல்ல, கேட்க. நோட்டின் மறுபாதியில் உங்கள் தெருவையும் ஸ்டாஃப் ரூமையும் எழுதுங்கள்: எந்தப் பையனைப் பெருக்கச் சொல்கிறீர்கள், எவன் கையால் தண்ணீர் வாங்குகிறீர்கள்.

சிலபஸில் இடமில்லை என்பார்கள். 1916இல் சகஜானந்தர் இதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியபோது, நெருப்பில்லாமல் நுழைய ஒரு வாசல் திறந்தது. அதற்கு எந்த சிலபஸும் இடம் ஒதுக்கித் தரவில்லை.

கணக்கு மூன்றாம் முறை தொடங்கப்பட்டது. முதல் இரண்டு முறை தீ மூட்டியவன் நான்தான்.